பாட்டு நிற்கிற இடத்தில் எருது நிற்கும்

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். முதல் மூன்று பேருக்கு, ஒரே ஒரு தடவை தவிர, தாலாட்டே பாடியதில்லை. பின்னால் வந்த நான்கு பேர், "போதுமுங்க ஆத்தா, தூங்கிட்டோம்" என்று கண்ணை மூடிக்கொண்டே கெஞ்சுகிற அளவுக்குப் பாடினேன்.

அந்த மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் இந்த வாரப் பத்திரிகையில் சொல்லப் போகிறேன்.

எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். எழுதினால் கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். ஆகவே நான் சொல்லச் சொல்ல என் பேத்தி சரசு எழுதுகிறாள். நடுநடுவே, "இதெல்லாம் வேண்டாமுங்க ஆத்தா" என்பாள். அவள் வேண்டாம் என்கிறதைத்தான் நீங்கள் கடிதம் போட்டுக் கேட்கிறீர்கள். போன வாரம் களி கிண்டும்போது துடுப்பு உடைந்த சங்கதியை விட்டுவிடலாம் என்றாள். வந்த கடிதம் எல்லாம் அந்தத் துடுப்பைப் பற்றித்தான். ஆகவே இந்த வாரம் அவள் வாயைத் திறக்கவில்லை.

பூசணிக்காய்க்குச் சங்கிலி

மாசி மாதம் கழிகிற சமயம். வெள்ளைக்காரர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் முதல் சண்டை போட்டுக்கொண்டிருந்த வருஷம். இல்லை, அதற்கு அடுத்த வருஷமோ என்னவோ. என் மூன்றாவது பிள்ளைக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது, அது மட்டும் நிச்சயம். கடித்ததில் என் தோளில் தழும்பு இருந்தது.

மலையாள எல்லையோரத்து எருத்தேன்பதியில் எங்கள் தோட்டத்துக் கிணற்று மேட்டில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் ஒரு கயிற்றுக் கட்டில். கட்டிலில் எங்கள் வீட்டுக்காரர். இரண்டு கன்னமும் உப்பிப் பூசணிக்காய் ஆகியிருந்தது. அந்தப் பூசணிக்காய்க்கு அடியில் என்னுடைய தங்கச் சங்கிலி மின்னிக்கொண்டிருந்தது.

பொன்னுக்கு வீங்கி வந்தால் கழுத்தில் பொன் போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பொன்னுக்கு ஆசைப்பட்டுத்தான் கன்னம் வீங்குகிறதாம், போட்டுவிட்டால் ஆசை தீர்ந்து இறங்கிவிடுமாம். பிள்ளைகள் மூன்றுக்கும் வரிசையாக வந்து போயிற்று. கடைசியாக அப்பனைப் பிடித்துக்கொண்டது. என் அப்பன் எனக்குப் போட்ட ஒரே ஒரு சங்கிலி, பிள்ளை பிள்ளையாக ஏறி இறங்கி இவர் கழுத்துக்கு வந்தது. யாராவது வரப்பில் வருவது தெரிந்தால் துண்டை எடுத்துக் கழுத்தோடு போர்த்திக்கொள்வார். அந்த வெயிலில்!

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். வாயைத் திறந்தால் அவருக்கு உயிர் போகிற வலி. கஞ்சியைக்கூடச் சங்கில் ஊற்றித்தான் கொடுத்தேன். பேச்சு இல்லை. பேச்சு இல்லையென்றால் பாட்டும் இல்லை. பாட்டு இல்லையென்றால் எங்களுக்குத் தண்ணீர் இல்லை.

கடைசியாகச் சொன்னது புரியாது. கொஞ்சம் விளக்க வேண்டும்.

வாரியும் வடமும்

இன்றைக்குப் பொத்தானை அமுக்கினால் தண்ணீர் கொட்டுகிறது. அன்றைக்கு எருது பூட்டி இறைக்கிற கவலை. கிணற்று மேட்டிலிருந்து பள்ளத்தைப் பார்த்து ஒரு சரிவு வெட்டியிருப்பார்கள். அதற்கு வாரி என்று பெயர். தோலில் தைத்த பெரிய பறி கிணற்றுக்குள் தொங்கும். அதைக் கட்டிய வடக்கயிற்றின் மறு நுனி எருதுகளின் நுகத்தில் இருக்கும். எருதுகள் வாரியில் இறங்கினால் பறி மேலே வந்து தொட்டியில் தண்ணீரைக் கொட்டும். பிறகு எருதுகள் திரும்பாமல், பின்பக்கமாகவே நடந்து மேட்டுக்கு ஏற வேண்டும். அப்போது பறி உள்ளே இறங்கும். ஓட்டுகிறவர் இறங்கும்போது வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்வார், ஏறும்போது கூடவே நடப்பார்.

இது பொழுதெல்லாம் நடக்கும். எருதுகளை நடத்துவது சாட்டை இல்லை, பாட்டு. நீளமான அடி ஒன்று. அந்த அடியை இழுத்துக்கொண்டே போனால் எருதுகள் இறங்கிக்கொண்டே போகும். அடி எங்கே முடிகிறதோ அங்கே நின்றுவிடும். அப்புறம் ஒரு சின்ன அடி. அதைக் கேட்டால் பின்வாங்கி ஏறும். இரண்டு எருதுகள், மயிலை ஒன்று, செவலை ஒன்று. இரண்டுக்கும் அது கன்றுக்குட்டிப் பருவத்துப் பழக்கம்.

எங்கள் வீட்டுக்காரர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பேர் பெற்ற கவலைப் பாட்டுக்காரர். கொல்லங்கோட்டுச் சந்தைக்குப் போகிற வண்டிக்காரர்கள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் எங்கள் கிணற்றடியில் நிறுத்துவார்கள். மாடு குடித்து முடித்தும் வண்டி நகராது. அவருக்கு அதில் ஒரு கர்வம் உண்டு. எனக்கும்தான்.

அந்த வருஷம் ராகி கதிர் வாங்கிக்கொண்டிருந்தது. கதிர் வாங்குகிற சமயத்தில் தண்ணீர் தவறினால் பதர்தான். அந்த ராகிதான் எங்களுக்கு வருஷம் பூராவும் களி. போதாக்குறைக்குக் கிணறு பங்காளிகளோடு பொது. ஒன்று விட்டு ஒரு நாள்தான் எங்கள் முறை. நம் முறையில் இறைக்காமல் விட்டால் அது போனதுதான். ஆள் வைக்கலாம் என்றால், எல்லார் காடும் காய்ந்து கிடக்கிறது, எவன் வருவான்?

என் மாமியார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாரியைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏ அம்மிணி, நீயே ஓட்டு."

"நானுங்களா அத்தை? பொம்பளை வடத்து மேல உக்காந்தா ஊரு சிரிக்குமுங்களே?"

"சிரிச்சுட்டுப் போகட்டும். ராகி காஞ்சுதுன்னா ஊரு வந்து களி கிண்டிப் போடுமா? நீ ஓட்டு, நான் தண்ணி கட்டறேன்." இரண்டடி போய்த் திரும்பி வந்தாள். "சத்தம் போட்டு ஓட்டிக்க. பாடிக்கீடித் தொலைச்சராதே. எருது மெரண்டு கெணத்துக்குள்ள உளுந்துரும்."

கட்டிலில் இருந்த பூசணிக்காய் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது.

கையை மட்டும் தட்டு

அவர்கள் அப்படிச் சொன்னதில் எனக்குக் கோபம் வரவில்லை. என் குரலைப் பற்றி எனக்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து வயது இருக்கும். என் பிறந்த ஊரில் மாரியம்மன் நோன்பு. கும்மி வட்டத்தில் எனக்கும் ஒரு இடம். புதுப் பாவாடை. சந்தோஷம் தாங்காமல் அடிவயிற்றிலிருந்து பாடினேன். பாட்டு எடுத்துக் கொடுக்கிற அக்கா கையைத் தூக்கி வட்டத்தையே நிறுத்தினாள்.

"இதுக்குள்ள ஒரு ஒடஞ்ச சட்டி கெடக்குது. யாருடி அது?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அக்கா கிட்டே வந்து என் கன்னத்தைத் தடவினாள். "நீ கையை மட்டும் தட்டிக்க கண்ணு. வாயை அசைச்சுக்க. சத்தம் வேண்டாம்."

திட்டியிருந்தால் மறுநாளே மறந்திருப்பேன். அன்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் பதினைந்து வருஷம் நம்பினேன்.

வாயசைப்பதில் நான் பெரிய கெட்டிக்காரியாகிவிட்டேன். வெளியூரிலிருந்து விருந்துக்கு வந்த ஒறம்பரைகள், "அந்தக் கடைசியில நிக்கிற புள்ளை எத்தனை பாவத்தோட பாடுது பாருங்க" என்று என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அம்மா ஒன்றும் சொல்லாமல் அந்தப் புகழை வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள்.

கல்யாணம் ஆகி முதல் பிள்ளை பிறந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தொட்டிலை ஆட்டி மெதுவாகப் பாடினேன். பிள்ளை தூங்கிவிட்டது. பெருமையாக நிமிர்ந்தால், வாசலில் இவர் நிற்கிறார்.

"தூங்கலை புள்ளே அது. பயந்து கண்ணை மூடிட்டுது."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். சிரித்துக்கொண்டே போய்விட்டார். அதற்கப்புறம் தொட்டில் மாமியார் பொறுப்பு.

யாரு செத்தது?

முதல் முறை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வடத்தில் உட்கார்ந்தேன். "ஹை! ஹை!" என்று கத்தினேன். எருதுகளுக்கு அது என்ன மொழி என்றே தெரியவில்லை. சாட்டையைச் சொடுக்கியதும் இரண்டும் ஒரே தாவாகத் தாவின. பறி கிணற்றுச் சுவரில் இந்தப் பக்கம் மோதி அந்தப் பக்கம் மோதி, பத்தாவது தடவையில் ஒரு முழத்துக்குக் கிழிந்தது. தைத்து வாங்குவதற்குள் எங்கள் முறை போயிற்று.

கட்டிலில் இருந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். பேச முடியாத மனிதர் எத்தனை பேசுவார் என்று அந்தப் பதினைந்து நாளில்தான் பார்த்தேன். கட்டில் காலைத் தட்டினால் நிறுத்து என்று அர்த்தம். இரண்டு தட்டினால் ஓட்டு. வேப்பங்காயை எடுத்து எறிந்தால் மூளை இருக்கிறதா என்று அர்த்தம்.

இரண்டாவது முறை. வேறு வழியில்லை, பாடித்தான் ஆக வேண்டும். மாமியார் ராகிக் காட்டுக்குள் தூரத்தில் இருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டு, இவருடைய பாட்டையே முணுமுணுத்தேன். எருதுகள் காதைத் திருப்பின. நடந்தன! எனக்கு நம்பவே முடியவில்லை. ஆனால் பாதி வாரியில் நின்றுவிட்டன.

ஏன் நின்றன? நான் நின்றுவிட்டேன், அதனால். அடியின் ஆரம்பத்தைச் சொல்லிவிடுவேன். இழுத்து நீட்ட வேண்டிய வால் பகுதி வரும்போது, யாராவது கேட்டுவிடுவார்களோ என்று தொண்டைக்குள்ளேயே முழுங்கிவிடுவேன். பாட்டு முடிந்துவிட்டது என்று எருதுகள் நின்றுவிடும். பறி பாதிக் கிணற்றில் தொங்கி ஆடும். ஆடின ஆட்டத்தில் தண்ணீர் தளும்பிக் கிணற்றுக்கே திரும்பிப் போகும். தொட்டிக்கு வந்து சேர்வது கால் பறி.

இந்த லட்சணத்தில், பக்கத்துப் பனைமரத்தின் உச்சியிலிருந்து ஒரு குரல். கள் இறக்குகிற வேலாயுதன். மலையாளமும் தமிழுமாகப் பேசுவான்.

"அம்மிணியே! ஆராக்கும் செத்தது? அழுகைச் சத்தம் கேக்குது!"

நான் வடத்தை விட்டு இறங்கி வேப்பமரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்து நிஜமாகவே அழுதேன். "இப்போள் நல்லா கேக்குது" என்று அவன் மரத்தின் மேலிருந்து சொன்னான்.

அன்றைக்குக் கடைசி நான்கு பாத்திகளுக்குத் தண்ணீர் போகவில்லை. மாமியார் அங்கே போய் ஒரு ராகித் தாளைப் பிடுங்கி வந்து என் முன்னால் போட்டாள். தாள் சுருண்டு ஓலை மாதிரி சலசலத்தது.

பாடு, பாடு, தண்ணி வருது

மூன்றாவது முறை. அன்றைக்கும் அதே கூத்து. கால் பறி, அரைப் பறி. மலைக் கணவாய்க் காற்று வேறு உலுக்கி எடுக்கிறது. வாய்க்காலில் போகிற கொஞ்சம் தண்ணீரையும் மண் குடித்துக்கொண்டது.

ராகிக் காட்டுக்குள்ளிருந்து மாமியார் குரல் வந்தது. அவளுக்கு அந்தக் காற்றெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

"ஏ அம்மிணி! தண்ணி வாய்க்கால்லயே செத்துப் போச்சு! ஒரு பாத்திக்கும் வாய் நனையலை! அங்கென்ன, எருதோட ரகசியம் பேசிட்டிருக்கிறயா?"

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ. மூன்று முறையாக உள்ளங்கை கயிற்றில் அறுந்து எரிகிறது. மாரில் பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது. இவள் மண்வெட்டிக் கழியில் சாய்ந்து நின்றுகொண்டு என்னைக் கேட்கிறாள். பதில் பேசுவதற்கு அந்த வீட்டில் எனக்கு வாய் கிடையாது. பாட்டுத்தான் அப்போது வாயில் இருந்தது. அதிலேயே வந்துவிட்டது.

"மடைமாறப் போன மாமியா
மண்வெட்டி மேலே தூங்குறாஆஆ…"

இழுத்தேன். கோபத்துக்கு நீளம் அதிகம். முழுங்க மறந்துபோனேன். மயிலையும் செவலையும் தலையைத் தாழ்த்தி, ஒரே சீராக, வாரியின் அடி வரைக்கும் இறங்கின. மேலே பறி வாய் திறந்து, தொட்டியில் தண்ணீர் தொபுதொபுவென்று கொட்டியது. பதினைந்து வருஷமாக யார் தொண்டையிலோ அடைத்துக்கொண்டிருந்த தண்ணீர் மாதிரி கொட்டியது.

"பின்னே வாங்க செவலையே
பெரிய பாத்தி காயுதே."

பின்வாங்கி ஏறின. மறுபடியும் மாமியாரைத் தூங்க வைத்தேன். மறுபடியும் முழுப் பறி. ஐந்தாறு தடவை ஆன பிறகுதான் என்ன பாடிக்கொண்டிருக்கிறேன் என்பதே எனக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

மாமியார் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ராகியை விலக்கி வரப்புக்கு வந்து நின்றாள். இன்றைக்கு என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவாள் என்றே நினைத்தேன். அந்த நேரத்துக்கு வாய்க்கால் நிறைந்து தண்ணீர் அவள் காலடிக்கு வந்து, கொலுசை நனைத்துக்கொண்டு ஓடியது. குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"என்னையவா பாடறே?"

நான் செவலையின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அட, பாடு பாடு. தண்ணி வருது." மடையைத் திருப்பப் போனவள் நின்று, "நான் தூங்கலைன்னு அடுத்த அடியில சொல்லிப்போடு. ஊரு கேக்குது" என்றாள்.

சொன்னேன்.

"தூங்கலீன்னு சொல்லச் சொன்னா மாமியா
தூக்கத்துல எப்படித்தான் கேட்டாளோஓஓ…"

கட்டிலிலிருந்து ஒரு விநோதமான சத்தம் வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், இவர் இரண்டு கன்னத்தையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய உருண்டுகொண்டிருக்கிறார். சிரித்தால் வலிக்கிறது, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். பாடாதே என்று கும்பிட்டாரா, சிரிக்க வைக்காதே என்று கும்பிட்டாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் போய் வடத்தில் உட்கார்ந்து, பொன் சங்கிலி போட்ட மாப்பிள்ளையைப் பற்றி இரண்டு அடி பாடினேன். அதை இங்கே எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது, பதில் சொல்ல ஆள் இல்லை.

என் குரல் ஒரே நாளில் தேனாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உடைந்த சட்டி உடைந்த சட்டிதான். எருதுகள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை, அவ்வளவுதான். வேலாயுதன் முதலில் மரத்தின் மேலிருந்து கனைத்துப் பார்த்தான். நான் அவனையும் ஒரு அடியில் ஏற்றி, பனை உச்சியில் கட்டிப் போட்டேன். அதற்குப் பிறகு முறைக்கு முறை அவன்தான் கேட்பான், "இன்னைக்கு மாமியாரைப் பத்தி ஒண்ணும் இல்லையோ அம்மிணி?" என்று.

மத்தியானத் தொண்டை

பங்குனி நடுவில் இவருக்குக் கன்னம் வடிந்தது. சங்கிலி என் கழுத்துக்குத் திரும்பி வந்தது. ராகி தப்பியது. கடைசி நான்கு பாத்திகள் மட்டும் பதராகப் போயின. அது நான் முழுங்கின பாட்டுக்கு ஆன சேதம். மறைக்காமல் சொல்கிறேன்.

அடுத்த முறைக்கு அவரே சாட்டையை எடுத்துக்கொண்டு போனார். நான் உரலில் ராகி குத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். என்ன குரல் அது! பதினைந்து நாள் பூட்டி வைத்திருந்த குரல், காற்றோடு போய்ப் பங்காளிகளின் மேற்குக் காட்டுக்கும் அப்பால் விழுந்தது. எருதுகள் கொஞ்சம்கூடத் தயங்காமல் அவருக்கு நடந்தன. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஒரு தடவையாவது நின்று திரும்பிப் பார்க்கும் என்று எதிர்பார்த்திருந்தேன்.

சரி, நம் வேலை முடிந்தது, இனிமேல் கையை மட்டும் தட்டலாம் என்று உலக்கையை ஓங்கிக் குத்தினேன்.

மத்தியானம் களி சாப்பிட வந்தார். உருண்டையைக் குழம்பில் தோய்த்து, முழுங்கி, தண்ணீர் குடித்து, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"ஏ புள்ளே, பொழுதிறங்கற மட்டும் நீ செத்த நேரம் ஓட்டறயா? எனக்குத் தொண்டை இன்னும் சரியாகலை."

"ஏனுங்க, காத்தால மேக்காடு தாண்டிக் கேட்டுதுங்களே?"

"அது காத்தாலத் தொண்டை."

"இப்போ என்னங்க ஆச்சு?"

"கட்டிட்டுது." கனைத்துக் காட்டினார். கணீரென்று இருந்தது. "நீ போ. அம்மாவும் காத்தாலருந்து ரெண்டு தரம் கேட்டுட்டா, இன்னிக்கு அவ பாடலையான்னு."

நான் எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டேன்.

அதற்கப்புறம் இருபது வருஷம் அந்தக் கிணற்றில் கவலை ஓட்டினோம். எங்கள் முறை வருகிற நாளில், மத்தியானத்துக்கு மேலே, அந்த மனிதருக்கு ஒரு நாள்கூடத் தொண்டை சரியாக இருந்ததில்லை.

போதும் சரசு, பேனாவைக் கீழே வை. முதலில் இருந்து ஒருக்கா படி கண்ணு, சரியாக எழுதியிருக்கிறாயா என்று கேட்கிறேன். பாட்டு வருகிற இடத்தில் நீ குரலைத் தாழ்த்திக்கொண்டு ஓடிவிடுவாய், எனக்குத் தெரியும். அங்கே படிக்காதே. பாடு.